பந்தை எடுத்துக் கொடுக்கும் கை

கைப்பந்தாட்டத்தில் பந்தை ஓங்கி அடிப்பவரின் பெயரை மைதானம் முழுவதும் கூவும். அடிப்பதற்கு வாய்ப்பாக அதனை அளவறிந்து எடுத்துக் கொடுத்த ‘செட்டர்’ பெயரைக் கூவுவார் இலர். நமது கலாசாலைக் கோஷ்டியில் மூன்று வருஷம் இப்பணியையே யாம் செய்து வந்தோமாதலின், இவ்விஷயத்தில் யாம் நடுநிலையில் நின்று எழுதுவதாக நேயர்கள் எண்ணற்க.

எமது மனக்குறையைப் பெரிதும் ஆற்றியது அமெரிக்க தேசத்து மிஸ்டி மே அம்மையாரின் சரித்திரமேயாம். 1977-ஆம் வருஷம் பிறந்த இவருடைய தந்தையார், 1968-ல் மெக்ஸிகோ நகர ஒலிம்பிக் பந்தயங்களில் தம் நாட்டுக் கைப்பந்துக் கோஷ்டியில் ஆடினவர். தாயார் டென்னிஸ் ஆட்டத்தில் வல்லவர். கலிபோர்னியாவில் லாங் பீச் ஸ்டேட் கலாசாலையில் மே அம்மையார் வகித்த ஸ்தானம் செட்டர் ஸ்தானமே. 1998-ல் அக்கோஷ்டி ஆடிய 36 பந்தயங்களிலும் வென்று, இறுதியில் பென் ஸ்டேட் கோஷ்டியை மூன்றுக்கு இரண்டாக வீழ்த்திற்று. என்.சி.ஏ.ஏ. முதற் பிரிவு மகளிருள் ஒரு தோல்வியுமின்றித் தேசியப் பட்டம் பெற்ற முதற் கோஷ்டி அதுவே.

பின்னர் அவர் கடற்கரை மணலுக்குச் சென்றார். அங்கே ஒரு புறத்துக்கு அறுவர் அல்லர், இருவரே. மாற்று ஆட்டக்காரர் இல்லை. மணல் காலை வாங்கும். காற்று பந்தை இழுக்கும். விரல்களால் எடுத்துக் கொடுப்பதை நடுவர் மிகக் கண்டிப்பாய் நோக்குவராதலின், பலர் முன்கைகளாலேயே பந்தை உயர்த்துவர். இவற்றுள் எம்மைக் கவர்ந்தது மற்றொன்று: எதிரியின் பந்தை ஒருவர் ஏற்றால், மற்றவரே அதனை எடுத்துக் கொடுத்தல் வேண்டும், ஏற்றவரே அடிப்பர். ஆகவே அவ்வாட்டத்தில் செட்டர் என்று தனியே ஒருவர் இல்லை, இருவரும் செட்டரே.

2000-ல் ஸிட்னியில் ஹாலி மக்பீக் என்பவருடன் ஆடி ஐந்தாம் ஸ்தானம் பெற்றார். 2001 முதல் துணையாய் அமைந்தவர் ஸ்டான்ஃபோர்ட் கலாசாலையில் புகழ்பெற்ற கெர்ரி வால்ஷ். நெடிய உருவினரான வால்ஷ் வலையருகே தடுப்பர். தப்பி வரும் பந்தைப் பின்னே மே ஓடி எடுப்பர். 2002-ல் மே அம்மையாரின் தாயார் புற்றுநோயால் காலமானார். 2004-ல் ஏதென்ஸில் தங்கப் பதக்கம் வென்றபின், தாயாரின் அஸ்திச் சாம்பலில் சிறிது அம்மைதானத்து மணலில் அவர் தூவினார். 2008-ல் பெய்ஜிங்கில் கொட்டும் மழையில் சீனக் கோஷ்டியை வென்றனர். 2007, 2008 வருஷங்களில் தொடர்ந்து 112 பந்தயங்களில் இவர்களுக்குத் தோல்வியே இல்லை. அவ்வருஷமே ஒரு நடனப் போட்டிக்குப் பயிலுங்கால் அம்மையாரின் குதிகால் நரம்பு அறுந்தது. மணலில் இத்தனை காலம் தாங்கிய கால் நடன மேடைக்குத் தோற்றது விந்தையே!

2012-ல் லண்டனில் மூன்றாவது தங்கம். மூன்று ஒலிம்பிக்குகளிலும் இவ்விருவர் சேர்ந்து ஆடிய 21 பந்தயங்களிலும் வெற்றியே. இழந்தது ஒரே ஒரு ‘செட்’. அத்துடன் மே அம்மையார் ஓய்வு பெற்றார். வால்ஷ் 2016-ல் ரியோவில் வேறொரு துணைவியுடன் ஆடி, அரையிறுதியில் பிரேஸில் நாட்டவரிடம் தோற்று, வெண்கலமே பெற்றார். ஒலிம்பிக் மணலில் அதுவே அவருக்கு முதல் தோல்வி. மே அம்மையார் இல்லாமையாலேயே அது நேர்ந்தது என்று சாதிக்க யாம் துணியோம். ஆயினும் மூன்று வருஷம் பந்து எடுத்துக் கொடுத்த எமக்கு அவ்வாறு நினைக்கவே தோன்றுகிறது.