பறங்கிக்காய்ப் பையின் பூர்வீகம்

அக்டோபர் 31-ந் தேதி அந்தி மயங்கும் நேரம். அமெரிக்காவில் ஏதாவது ஓர் ஊரின் குடியிருப்புத் தெருவில் நீங்கள் நின்று கொண்டிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். குட்டிப் பேய்களும், சூனியக்காரிகளும், எலும்புக் கூடுகளும் சாரி சாரியாக எதிரே வருகின்றன. பயந்து விடாதீர்கள்! உயரம் மூன்றடி, நான்கடிக்கு மேல் இல்லை. பின்னால் ஐந்தடி இடைவெளியில் தாயாரும் வந்து கொண்டிருப்பாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடைந்த பறங்கிக்காய்க்குள் விளக்கு எரிகிறது. குழந்தைகள் கதவைத் தட்டி, "தின்பண்டம் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்று ஆங்கிலத்தில் ஒரே குரலில் கத்துகின்றன. வீட்டு அம்மாள் சிரித்துக் கொண்டே மிட்டாயை அள்ளிப் போடுகிறாள். நவராத்திரியில் நம் வீட்டுக் குழந்தைகள் கொலு கொலுவாய்ப் போய்ச் சுண்டல் வாங்கி வருகிறார்களே, அந்த உற்சாகத்தையே அங்கும் பார்க்கலாம். இதுதான் ஹாலோவீன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுமியின் கையை மட்டும் கவனியுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வாளி அல்ல. ஆரஞ்சு நிறக் கம்பளி நூலில், குரோஷா ஊசியால் யாரோ பின்னிக் கொடுத்த குண்டுப் பை. கறுப்புத் துணியில் இரண்டு முக்கோணக் கண்கள், பல்லை இளிக்கும் வாய், தலையில் பச்சைக் காம்பு. பாட்டியோ, அத்தையோ பின்னியிருக்க வேண்டும்.

இந்தப் பையைப் பின்னும் முறையைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் இதன் பூர்வீகத்தைப் பார்த்துவிட்டு வந்து விடலாம். பண்டிகைக்கும் பூர்வீகம், இந்தப் பின்னல் அமெரிக்கா போன கதைக்கும் ஒரு பூர்வீகம் என்று தேடிக் கொண்டு போனால், இரண்டு வழியும் ஒரே தீவில் போய் முடிகின்றன. அந்தத் தீவு அயர்லாந்து.

டப்ளின் நகரத்திலிருந்து வடமேற்கே பஸ்ஸில் கிளம்புங்கள். ரயில் கிடையாது, அந்த வழியில் ஓடிய பிரயாணி ரயில் 1957-லேயே நின்று விட்டது. மோனகன் பகுதியை நெருங்கினால் நிலமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கூடைகளைக் கவிழ்த்து வைத்தாற்போல் சின்னஞ் சிறு உருண்டைக் குன்றுகள், அவற்றின் மேலெல்லாம் பச்சைப் புல், இடையிடையே ஏரிகள். அப்படியொரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது குளோனிஸ் என்னும் சிற்றூர். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'குளோன்ஸ்' என்று சொன்னீர்களானால் ஊர்க்காரர்கள் புன்னகை செய்வார்கள். ஊர் நடுவிலுள்ள சதுக்கத்துக்கு 'டயமண்ட்' என்று பெயர். வைரம் ஒன்றும் அங்கே கிடையாது. வேலைப்பாடுள்ள பழைய கற்சிலுவை ஒன்று நிற்கிறது. சற்றுத் தள்ளி, ஆதி மடாலயத்தைச் சேர்ந்த வட்டக் கோபுரமும் உண்டு. வட அயர்லாந்தின் எல்லை கூப்பிடு தூரம்தான்.

இந்த ஊருக்கு 1847-ல் ஒரு பாதிரியாரின் மனைவி வந்து சேர்ந்தாள். காஸந்திரா ஹாண்ட் என்பது அவள் பெயர். அவள் வந்த சமயம் எப்படிப்பட்ட சமயம் தெரியுமா? நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வதுண்டல்லவா? அதற்கு முப்பது ஆண்டு முன்னால் அயர்லாந்தில் அப்படியொரு பஞ்சம். ஏழைகளுக்கு அங்கே உருளைக் கிழங்குதான் சோறு. 1845-ல் கிழங்குச் செடியை ஒரு கொடிய நோய் தாக்கியது. இலை கருகியது, மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகிக் குழம்பாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கதி. பஞ்சம் தணிவதற்குள் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள்.

ஆண்களுக்கு வயலில் வேலை இல்லை. வாடகை கொடுக்காவிட்டால் குடிசையை இடித்துத் தள்ளி விடுவார்கள். அந்த நிலையில் காஸந்திரா அம்மாள் செய்தது என்ன? குரோஷா தெரிந்த ஆசிரியை ஒருத்தியைக் கில்டேர் பகுதியிலிருந்து வரவழைத்து, ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தாள். வேறு ஊர்களிலும், முக்கியமாகக் கார்க் நகரத்துக் கன்னிமாடங்களிலும் இதே வேலை நடந்தது.

ஏன் குரோஷா? தறி வேண்டாம், சட்டம் வேண்டாம், முதல் வேண்டாம். ஒரு கம்பித் துண்டின் முனையை வளைத்துக் கட்டைப் பிடியில் செருகினால் ஊசி தயார். மற்றபடி நூலும் பத்து விரலும் போதும். வெனிஸ் நகரத்துத் தையல் லேஸைப் பார்த்து, அதே அழகைக் குரோஷாவில் வெகு விரைவில் கொண்டு வந்துவிட்டார்கள் இந்தப் பெண்கள். ரோஜா, திராட்சைக் குலை, பெரணி இலை, அயர்லாந்தின் மூவிலைச் செடி என்று ஒவ்வொன்றையும் தனித் தனியாகப் பின்னுவார்கள். பிறகு அவற்றைத் துணி மேல் பரப்பி, இடைவெளியை வலைப் பின்னலால் நிரப்பிச் சேர்ப்பார்கள். அந்த வலையில் அரும்பு அரும்பாகச் சிறு முடிச்சுகள் விழும். நூலை ஊசியின் மேல் பல தடவை சுற்றி ஒரே இழுப்பில் இழுத்துப் போடும் அந்த முடிச்சுக்கு இன்றும் 'குளோனிஸ் முடிச்சு' என்றே பெயர். ஒரு குடும்பம் ரோஜா மட்டும் பின்னும். இன்னொரு குடும்பம் இலை மட்டும் பின்னும். கைமுறையை வெளியே விட மாட்டார்கள். நம் வீடுகளில் சிலர் சாம்பார்ப் பொடி ரகசியத்தைக் காப்பாற்றுவதில்லையா, அப்படித்தான்!

லேஸ் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போயிற்று. சீமாட்டிகளின் கழுத்துப் பட்டியிலே பூத்த ரோஜா, குளோனிஸில் ஒரு குடிசையின் வாடகையாயிற்று, குழந்தைகளின் கஞ்சியாயிற்று.

இனிப் பண்டிகையைப் பார்க்கலாம். அயர்லாந்து மக்களுக்கு நவம்பர் முதல் தேதி குளிர் காலத்தின் வாசற்படி. அந்த நாளுக்கு 'ஸௌன்' என்று பழைய பெயர். கிறிஸ்தவ மதத்தில் அதுவே சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தின இரவில் ஆவிகள் உலாவும் என்பது பழைய நம்பிக்கை. குழந்தைகள் முகமூடி போட்டுக் கொண்டு வீடு வீடாய்ப் போவார்கள். ஆப்பிளும் கொட்டைகளும் கிடைக்கும். வீட்டில் திராட்சை போட்ட 'பார்ன்பிராக்' ரொட்டி சுடுவார்கள். அதற்குள் ஒரு மோதிரம், ஒரு காசு, ஒரு கந்தல் துணி ஒளிந்திருக்கும். மோதிரம் கிடைத்தவளுக்குக் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், கந்தல் கிடைத்தால்... அதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

ஆவிகளை விரட்ட விளக்கு வைத்தார்கள். ஆனால் பறங்கிக்காயில் அல்ல. நம் நூல்கோலுக்கு ஒன்று விட்ட சகோதரனான டர்னிப் கிழங்கில்! மேயோ பகுதியில், காஸில்பார் நகருக்கு அருகே டர்லோ பார்க்கில் கிராம வாழ்க்கைக் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. 2001-ல் திறந்த அரசாங்கக் காட்சிசாலை. அங்கே இப்படிக் குடைந்த டர்னிப் ஒன்றின் அச்சு வார்ப்பு இருக்கிறது. டோனகால் பகுதியில் ஃபின்டவுன் கிராமத்து ஆசிரியர் ஒருவர் 1943-ல் கொடுத்தது. இடுங்கிய கண், உடைந்த பல், சுருங்கிய தோல். பகலில் பார்த்தாலே குலை நடுங்கும். நம் ஊரில் திருஷ்டிப் பூசணிக்காயில் முகம் எழுதுகிறோமே, அதை இதன் பக்கத்தில் வைத்தால் பரம சாதுவாகத் தோன்றும்.

பஞ்சத்தில் கப்பலேறியவர்கள் மூட்டையில் அதிகம் எதையும் கொண்டு போகவில்லை. பண்டிகை மனத்தில் போயிற்று. பின்னல் விரலில் போயிற்று. புது நாட்டில் டர்னிப்பை விடப் பெரிதாய், குடைவதற்கு மெத்தென்று, விளக்கு வைத்தால் பொன்னாக ஒளிரும் காய் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவுக்கே உரிய பறங்கிக்காய்தான் அது. போர்ச்சுகீசியரைப் போன்ற பறங்கியர் வந்த பிறகு நமக்கு அறிமுகமானதால்தான் நாம் அதைப் பறங்கிக்காய் என்கிறோம் என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

ஆரம்பத்தில் அமெரிக்க ஹாலோவீனில் குறும்புதான் மிகுதி. மின்னஸோட்டா மாகாணத்தில், ரம் நதி மிஸ்ஸிஸிப்பி நதியோடு கூடும் இடத்தில் அனோக்கா என்ற ஊர் இருக்கிறது. பையன்கள் இரவோடிரவாக மாடுகளை அவிழ்த்துக் கடைத்தெருவில் விடுவதும், ஜன்னல்களில் சோப்பைப் பூசுவதுமாக அங்கே ஏக அமர்க்களம். ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். அடித்துத் திருத்துவதை விடக் கொடுத்துத் திருத்துவது மேல் என்று 1920-ல் ஊர்வலம் ஒன்று நடத்திக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் வழங்கினார்கள். அனோக்காவில் இன்றும் அந்த ஊர்வலம் விசேஷம். 'உலகத்தின் ஹாலோவீன் தலைநகர்' என்றே ஊருக்குப் பட்டம். நாளடைவில் நாடெங்கும் மிட்டாய் வாங்கும் வழக்கம் பரவியது. மிட்டாய் என்றால் பை வேண்டாமா?

சகோதரிகளே, இப்போது ஊசியை எடுங்கள். நான்கு இழைக் கம்பளி நூல், ஆரஞ்சு நிறம். 4 மில்லி மீட்டர் குரோஷா ஊசி. நூலை வளையமாக்கி அதற்குள் 6 கண்ணி போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாக 12. பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 18, 24, 30 என்று போய் 72-ல் நிறுத்துங்கள். தட்டையான அடிப்பாகம் தயார். இனிக் கூட்டாமல் 18 சுற்று நேரே பின்னினால் பை மேலே எழும்பும். பின்பு ஒரு சுற்றில், ஐந்தும் ஆறுமான கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்துப் பின்னி 60-க்குக் குறையுங்கள். வாய் சற்றுக் குறுகி, வயிறு பருத்துத் தெரியும். அதன் மேல் இரண்டு சுற்று பின்னி முடியுங்கள். அடியிலிருந்து வாய் வரை ஆறு இடங்களில், சம தூரம் விட்டு, அதே நூலை ஓட்டி லேசாக இழுத்து முடிந்தால் பறங்கிக்காயின் வரிப் பள்ளங்கள் விழும்.

கைப்பிடிக்குப் பச்சை நூலை இரட்டையாக்கி, 4 கண்ணி அகலத்தில் ஓர் அடி நீளம் பின்னித் தைத்து விடுங்கள். கழுத்தில் மாட்டும்படி நீளமாக வேண்டாம். இருட்டில் ஓடும் குழந்தை எதிலாவது மாட்டிக் கொள்ளும். கண்ணும் வாயும் கறுப்புக் கம்பளித் துணியில் வெட்டித் தையுங்கள். உள்ளே பருத்தித் துணியால் பை ஒன்று தைத்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் மிட்டாயின் கனத்தில் பின்னல் தொங்கிப் பறங்கிக்காய் சுரைக்காய் ஆகிவிடும்!

கை பழகியவர்களுக்கு இரண்டு மாலை வேலை. புதியவர்களுக்கு ஒரு வாரம் ஆகலாம். இந்தக் கணக்கைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது.

ஏனென்றால், ஸ்வெட்டர் பின்ன யந்திரம் உண்டு. வலை லேஸ் நெய்ய யந்திரம் உண்டு. ஆனால் கடைகளுக்கு அசல் குரோஷாவைப் பின்னித் தள்ளும் யந்திரம் கிடையாது. கடையில் தொங்கும் குரோஷாப் பை எத்தனை மலிவானாலும், யாரோ ஒருத்தி உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டதுதான். மிகவும் மலிவாக இருந்தால் குறைந்திருப்பது நூலின் விலை அல்ல, அவளுடைய கூலி.

நமக்கு அடுத்த ஆந்திராவில், கோதாவரிக் கரையோரம் நர்சாபூர் இருக்கிறது. மிஷனரிகள் 1840-களில் கற்றுக் கொடுத்த லேஸ் பின்னலை அங்குள்ள பெண்கள் வெளிநாடுகளுக்காகப் பின்னி வந்தார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் ஆராய்ச்சியாளர் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982-ல் வெளியாயிற்று. சமையல், வீட்டு வேலை எல்லாம் போக, நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள் அந்தப் பெண்கள். ஆனால் ஊரார் கண்ணில் அது 'ஓய்வு நேரப் பொழுதுபோக்கு'! பொழுதுபோக்குக்குக் கூலி எதற்கு? லாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று. 2024-ல் நர்சாபூர்ப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. விரலுக்கும் வர வேண்டும்.

குளோனிஸ் பெண்கள் பின்னியதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லியிருந்தால், வாடகைக்காரன் வாசலில் நின்ற நாளில் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆகவே, நியூ ஜெர்ஸியிலுள்ள பேத்திக்கு நீங்களே பின்னி அனுப்பினால் சந்தோஷம். காம்பின் நுனியில் ஒரு குளோனிஸ் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். பின்ன நேரமில்லாமல், தெரிந்த அம்மாள் ஒருத்தியிடம் பின்னித் தரச் சொன்னால், நூல் விலையோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை மணி நேரம் ஆயிற்று, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள், "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா இருந்த நேரத்தில் பின்னினேன்" என்றுதான் சொல்வாள். அதை நம்பி விடாமல், மணிக் கணக்குப் போட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.