யேல் கிண்ணத்தில் ஒரு பிற்பகல்

அமெரிக்கர் 'புட்பால்' என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை மிகக் குறைவு. பந்தும் உருண்டையல்ல, உரிக்காத தேங்காயைப் போல் நீண்டிருக்கிறது. அதை ஒருவன் மார்போடு அணைத்துக்கொண்டு ஓட, எதிர்க் கட்சியார் அவன்மேல் விழுந்து அமுக்குகிறார்கள். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறவேண்டும். தவறினால் பந்து எதிரிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும், ஆட்டத்தை ரசிக்கலாம் என்று நண்பர் தைரியம் சொல்லவே, 2019-ஆம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி காலை நியூயார்க்கில் ரயிலேறினோம். இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன் வந்தது.

அன்று யேலுக்கும் ஹார்வர்டுக்கும் பந்தயம். 1875 முதல் நடந்துவரும் இப்போட்டிக்கு அவர்கள் வேறு பெயர் வைக்கவில்லை. 'ஆட்டம்' என்று மட்டும் சொல்கிறார்கள். உலகில் வேறு ஆட்டமே இல்லை என்பது போல!

மைதானத்தை நெருங்கியும் மைதானம் கண்ணில் படவில்லை. புல் முளைத்த ஒரு மேடுதான் தெரிந்தது. 1914-இல் நிலத்தைத் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகக் கொட்டி இதை அமைத்தார்களாம். நம் ஊர் ஏரி வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். கரையைத் துளைத்துச் செல்லும் சுரங்க வழியில் நுழைந்து மறுபுறம் வந்தால், காலடியில் பச்சைப் பசேலென்ற களம்; நாற்புறமும் வட்டமாக ஜன சமுத்திரம். 'யேல் கிண்ணம்' என்ற பெயரின் பொருத்தம் அப்போதுதான் விளங்கிற்று. அறுபதாயிரம் பேருக்கு மேல் இதில் அமரலாம்.

ஆட்டத்தைப் பார்ப்பதில் பல மார்க்கங்கள் உண்டு. மோட்டார் வண்டிகளை வெளியே நிறுத்தி, பின்கதவைத் திறந்து, இறைச்சி வாட்டி உண்டு, பழைய தோழரைக் கட்டித் தழுவி, உள்ளே போக மறந்துவிடுவது ஒரு மார்க்கம். வீட்டில் போர்வைக்குள் அமர்ந்து டெலிவிஷனில் பார்ப்பது இன்னொன்று. ரேடியோ பரவுவதற்கு முன்பு, தந்தியில் வரும் செய்திப்படி மின்விளக்குகள் நகரும் பெரிய பலகையைக் கண்டே கூட்டம் கூட்டமாக ஆரவாரம் செய்தார்களாம். களத்துக்கு வந்தவரிலும் அநுபவசாலிகள் முன் வரிசைக்கு ஆசைப்படுவதில்லை. உயர இருந்தால்தான் இரு அணியின் வியூகமும் கோலப் புள்ளிகளைப் போல் தெளிவாகத் தெரியும். நாமும் உயரத்தில்தான் அமர்ந்தோம். குளிர்காற்று அதற்குரிய வரியை வசூலித்துக்கொண்டது.

இடைவேளையில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. இரு சர்வகலாசாலை மாணவர்களும் களத்தின் நடுவில் வந்து அமர்ந்துவிட்டார்கள். நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளில் போட்ட மூலதனத்தைக் கலாசாலைகள் மீட்கவேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. மேலும் நூற்றுக்கணக்கானோர் மேலிருந்து இறங்கி அவர்களுடன் சேர்ந்தனர். சிலர் ஏசினர், சிலர் கைதட்டினர். பலரைப் போலீஸார் கைது செய்த பிறகே ஆட்டம் தொடர்ந்தது. சத்தியாக்கிரகம் நமக்குப் புதிதல்லவே! பகைவராக வந்த இரு கட்சியாரும் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்திருந்ததை வைத்த கண் வாங்காமல் பார்த்தோம்.

'கலாசாலையின் பணம் எங்கே போகிறது?' என்பது அவர்களுடைய கேள்வி. 'அது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது. எலிஹு யேல் நம் சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர். சொந்த வியாபாரத்தில் பெரும் பொருள் குவித்தார்; பதவியை இழந்தார். அவர் காலத்தில் கோட்டையிலிருந்து மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 1718-இல் அவர் அனுப்பிய பொருள்கள் சுமார் 562 பவுனுக்கு விலைபோக, நன்றியறிதலாகக் கலாசாலை அவர் பெயரைச் சூடிக்கொண்டது. சென்னையில் திரட்டிய செல்வத்தின் பெயரைத்தான் அன்று அத்தனை ஆயிரம் பேரும் கோஷித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதை அறிவார்கள்? நம்மவரிலேயே எத்தனை பேர் அறிவோம்?

தாமதத்தால் பொழுது சாய்ந்தது. அந்த மைதானத்தில் நிரந்தர விளக்குகள் கிடையா. ஆட்டமோ சமனாகி, மேலதிக ஆட்டம் இரண்டு சுற்று நீண்டது. மங்கலில் பந்து தெரியவில்லை. கூச்சலைக் கொண்டே அது போகும் திசையை ஊகித்தோம். முடிவில் யேல் 50-க்கு 43 என்று ஜயித்தது. இளைஞர்கள் களத்தில் குதித்து ஆடினார்கள்.

2021-இல், அத்தகைய எண்ணெய் முதலீடுகளை விட்டுவிடுவதாக ஹார்வர்டு அறிவித்தது. 2024-இல், அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புக்காக யேல் மன்னிப்புக் கேட்டது. செய்திகளைப் படித்தபோது நமக்கு அந்த இருண்ட கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது. அன்று ஜயித்தது யார் என்று கேட்டால், எண்ணிக்கைப் பலகையை மட்டும் பார்த்து நம்மால் விடை சொல்ல இயலவில்லை.