கூறையைத் துணி எண்டு சொல்லக்கூடாது

எங்கட அம்மம்மாவுக்கு முன்னால உடுப்பைத் 'துணி' எண்டு சொன்னால் முகம் சுளிப்பா. இலுப்பைக்கடவையில் கடையில் வாங்குவது புடவை, பெண்கள் உடுப்பது சீலை, அம்மப்பா கட்டுவது சாரம், தலை துவட்டுவது துவாய். துணி எண்டால் அவவுக்கு அடுப்படியில் சட்டி பிடிக்கிற கந்தல். தமிழ்நாட்டுப் படம் பார்த்து வளர்ந்த நாங்கள்தான் எல்லாத்தையும் துணி எண்டுவம்.

அகராதியைப் புரட்டினோம். துவாய் போர்த்துக்கேயச் சொல். 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்களே, அவர்களின் மொழி. துணியோ நம்முடையது. அது பெயர்ச்சொல் மட்டுமில்லை, வினையும்கூட. துணிதல் என்றால் அறுபடுதல், துணித்தல் என்றால் அறுத்தல். வெட்டி எடுத்த துண்டுதான் துணி. சங்கத் தமிழில் ஆடைக்கு 'அறுவை' என்றும் பெயர். அதுவும் அறுத்தலில் இருந்து வந்ததுதான். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற புலவரின் பெயரைப் பார்த்து, சத்திரசிகிச்சையோடு சம்பந்தப்பட்ட ஆளாக்கும் எண்டு நினைச்சம். மனுசன் புடவை வியாபாரி!

அப்போ அம்மம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கு. முழுசாக இருப்பது சீலை, வெட்டுப்பட்டது துணி.

ஆனால் துணிதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பயத்தை விட்டு முடிவெடுத்தல். 'துணிந்தாள்' என்பதில் இருக்கும் மெல்லினம் வல்லினமாகி 'துணித்தாள்' என்று வந்தால், வெட்டினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2008இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். அடுத்த வருசம், வன்னியின் கடைசி மாதங்களில், பங்கருக்கு மேல அடுக்க மண்மூட்டை வேணும். சாக்கு இல்லை. சனம் சீலைகளை வெட்டிப் பை தைச்சது. அம்மம்மாவும் ஒவ்வொன்றாக வெட்டினா. கடைசியில் மிஞ்சியது அவவின்ர கலியாணக் கூறை. அதையும் வெட்டினா.

"அழேல்லையோ அம்மம்மா?" எண்டு போன மாதம்தான் கேட்டம்.

"அழ எங்க நேரம்? நீங்கள் உள்ளுக்க இருந்தனீங்கள். துணிஞ்சு வெட்டினன்."

இலக்கணம் படிக்காத மனுசி. ரெண்டு பொருளையும் ஒரே வசனத்தில் வைச்சிட்டா.

கூறையின் கரைத்துண்டு ஒன்று, ஒரு சாண் நீளம் வரும், இப்பவும் அவவின் அலுமாரியில் இருக்கு. வெட்டுப்பட்டதுதான். ஆனாலும் அதைத் துணி எண்டு சொல்ல விடமாட்டா. கூறை எண்டுதான் சொல்லவேணும்.