வாழைத்தண்டு வைத்தியர்கள்

கிரியேட்டினின் 1.9, இ.ஜி.எஃப்.ஆர். 42. ‘சிறுநீரக நோய், மூணாவது ஸ்டேஜ்’ என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் டாக்டர்தான். ‘தினம் வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க, சரியாயிடும்!’ அது கல்லுக்குச் சொல்கிற வைத்தியம். எனக்குத்தான் கல்லே இல்லையே!

என் ரத்தத்தில் பொட்டாசியம் 5.6. இது எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீர், வாழைப்பழம் எல்லாம் கட். உருளைக்கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்கிறாள் மனைவி. ருசியா? கேட்காதீர்கள். ‘சோடியம் கம்மி, ஹார்ட்டுக்கு நல்லது’ என்று மைத்துனர் ஒரு உப்பு பாக்கெட் வாங்கி வந்தார். லேபிளைப் படித்தால், பொட்டாசியம் குளோரைடு! திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம்.

போன மாசம் முழங்கால் வலி. எலும்பு டாக்டர் கடகடவென்று எழுதிய சீட்டில் டைக்ளோஃபெனாக். ‘சார், எனக்குக் கிட்னி பிராப்ளம். இந்த வலி மாத்திரை வேணாமே’ என்றேன்.

‘நீங்க டாக்டரா, நான் டாக்டரா?’

நான் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். அதை அடித்துவிட்டு, பாராசிட்டமால் எழுதினார்.

இப்போது சட்டைப் பையில் எப்பவும் ஒரு துண்டுச் சீட்டு: கடைசி கிரியேட்டினின், சாப்பிடக் கூடாத மாத்திரைகள், மனைவியின் போன் நம்பர். மருந்துக் கடைப் பையன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.