மாஷிமா கேட்ட கேள்வி



ஆராய்ச்சி மாணவன் எவனையும் அஞ்ச வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. "எப்பொழுது முடியும்?" என்பதே அது. பேராசிரியர் கேட்டால் ஏதேனும் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டவர் பேராசிரியர் அல்லர். சாந்த்ராகாச்சியில் எங்கள் அடுத்த வீட்டு மாஷிமா.

என் தந்தையார் தென்கிழக்கு இரயில்வேயில் பணியாற்றியவர். ஆகவே சாந்த்ராகாச்சிக் குடியிருப்பிலேயே வளர்ந்தேன். நிலையத்தை ஒட்டிப் பெரிய ஏரி. பனிக்காலத்தில் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் வந்திறங்கும் பறவைகளை எண்ணுவதே எங்கள் விளையாட்டு. மாஷிமாவின் மகன் கோக்கா என்னைவிட ஏழு வயது இளையவன். எண்ணி முடிப்பதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுவான். தோளில் தூக்கி வருவேன். அவனுக்குத் தலசீமியா. மாதந்தோறும் பிறர் குருதி ஏற்றினால்தான் நடமாட்டம். ஏற்றிய குருதியிலுள்ள இரும்போ இதயத்திலும் ஈரலிலும் படிந்துகொண்டே வரும்.

இங்கிருந்து தெற்கே செல்லும் வண்டிகளில் காட்பாடிக்குச் சீட்டு வாங்குவோரில் பலர் வேலூருக்குப் போகும் நோயாளிகள். ஒரு நாள் மாஷிமாவும் கோக்காவையும் அவன் தமக்கையையும் அழைத்துக்கொண்டு அவ்வண்டியில் ஏறினார். "தண்ணீர்", "எவ்வளவு?", "மெதுவாகச் சொல்லுங்கள்" என்ற தமிழ்ச் சொற்களை வங்க எழுத்தில் எழுதி என் தாயார் கொடுத்தனுப்பினார். தமக்கையின் எலும்பு மஜ்ஜை தம்பிக்குப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பொருந்தவில்லை. திரும்பி வந்தார்கள்.

அப்பொழுதுதான் நான் இரத்தக் குருத்தணு ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். ஸ்டெம் செல் என்பதையே குருத்தணு என்கிறேன். வாழை கன்றும் ஈனும், குலையும் தள்ளும். அதுபோல மஜ்ஜையிலுள்ள இவ்வணு தன்னைப் போன்ற அணுவையும் ஈனும். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகியவற்றையும் ஈனும். நம் உடலில் விநாடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறப்பது இதனால்தான். "இன்னும் ஐந்தே ஆண்டுகள், மாஷிமா! கோக்காவுக்கு மருந்து வந்துவிடும்" என்றேன். இளமையின் துணிச்சல்!

ஐந்து ஆண்டுகளும் ஓடின. நான் செய்தது என்ன? குருத்தணுக்களைக் கிண்ணங்களில் விதைத்து, 14 நாள் காத்திருந்து, முளைத்த அணுக்கூட்டங்களை நுண்ணோக்கியில் எண்ணினேன். ஒரு முறை பூஞ்சை படர்ந்து இரண்டு மாத உழைப்பு குப்பைக்குப் போயிற்று. ஏரிக்கரையில் எண்ணிய பையன் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான் என்று என்னையே நொந்துகொண்டேன்.

மனம் சோர்ந்த அந்நாட்களில்தான் இத்துறையின் வரலாற்றைப் படித்தேன். 1961இல் டொராண்டோவில் டில், மக்கல்லோ என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்குப் புதிய மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினர். மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ 10,000 அணுக்களுக்கு ஒரு முடிச்சு! ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவின் வழித்தோன்றல் என்பது 1963இல் உறுதியாயிற்று. அவர்களும் எண்ணியவர்களே. 1981இல் சியாட்டிலில் ஒரு தலசீமியாக் குழந்தைக்கு மஜ்ஜை மாற்றப்பட்டது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை தொடங்கியது. அதைத் தொடங்கி வளர்த்த மருத்துவர் மம்மன் சாண்டி, பின்னர் கொல்கத்தா நியூ டவுனில் 2011இல் திறக்கப்பட்ட டாடா மருத்துவ மையத்தின் இயக்குநராக வந்தார். நோயாளிகள் தெற்கே போன வழியில் கல்வி வடக்கே வந்தது! முடிச்சை எண்ணியதிலிருந்து வேலூர் வரை 25 ஆண்டுகள். நானோ ஐந்து என்று சொல்லியிருந்தேன்.

சென்ற விடுமுறையில் மாஷிமா கேட்டேவிட்டார்: "ஐந்து ஆண்டு ஆயிற்றே, அப்பா?"

உண்மையைச் சொன்னேன். நோயாளியின் சொந்தக் குருத்தணுவையே திருத்தித் திரும்பச் செலுத்தும் முறைக்கு 2023இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டாலர். வேலூரிலும் 2024இல் ஹீமோபீலியா நோயாளிகள் ஐவருக்குச் சொந்தக் குருத்தணுவில் மரபணுவைச் சேர்த்து வெற்றி கண்ட செய்தி வெளியாயிற்று. வழி தெரிகிறது, நாள் சொல்ல என்னால் இயலாது. "அன்று நான் சொன்னது தவறு" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "மகளுக்கு வரன் பார்க்கிறேன். இப்பொழுது உன் படிப்பால் ஆவது ஏதேனும் உண்டா?" என்றார்.

உண்டு! குறையைச் சுமப்பவர் நலமாகவே தோன்றுவர். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மணத்துக்கு முன் ஓர் இரத்தச் சோதனை செய்தால் தெரிந்துவிடும். சொன்னேன். பக்கத்திலிருந்த கோக்கா சிரித்தான்: "அண்ணா, நீங்கள் செய்துகொண்டீர்களா?"

வெட்கத்தால் தலை குனிந்தேன். ஐந்து ஆண்டுகள் பிறர் குருதியை ஆராய்ந்தவன் தன் குருதியைப் பார்க்கவில்லை! அவ்வாரமே தமக்கையும் நானும் சோதனைக்குச் சென்றோம். எனக்குக் குறை இல்லை. தமக்கை சுமப்பவள். இனி வரனுக்கும் சோதனை செய்த பின்னரே பேச்சு என்று மாஷிமா முடிவு செய்துவிட்டார்.

நண்பர்களே, என் கிண்ணங்களில் மருந்து முளைக்க எத்தனை ஆண்டு ஆகுமோ, நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நீங்கள் செய்யவேண்டியதற்கு ஒரு காலைப்பொழுது போதும். கோக்கா என்னைக் கேட்டதையே உங்களையும் கேட்கிறேன்: நீங்கள் செய்துகொண்டீர்களா?