தனித்தட்டு வேண்டாம்

எங்கள் கொடுமுடிப் பக்கத்தில், "பெருந்துறைக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று முதியோர் தாழ்ந்த குரலில் சொன்னால், அந்த வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று பொருள். அங்கிருந்த சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வும் ஊட்டமும் கிடைத்தன. ஆனால் அங்கே இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

இதற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். ஓராண்டுக்கு இருவருக்கும் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானது: இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். ஐந்தாண்டுகள் கவனித்தபோது, நோயாளியை வீட்டில் வைத்துப் பேணிய குடும்பத்தாரிடம் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை.

இருந்தும், அண்மையில் நான் சென்ற ஒரு வீட்டில், மருந்துண்ணும் மருமகளுக்குத் திண்ணையில் தனித்தட்டு. "பேரன் கைக்குழந்தைங்க, ஒட்டிக்குமுங்களே!" என்றார் மாமியார். அவர் அச்சம் அன்பில் பிறந்ததே. ஆனால் காசநோய் தட்டினால் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. முறையான மருந்து அதையும் விரைவில் அடக்கிவிடுகிறது.

அன்பர்களே, இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; பெரும்பாலோருக்கு ஆறு மாதம் போதும். இடையில் நிறுத்தலாகாது. தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்ட ஆண்டவரின் பிள்ளைகளாகிய நாம், நம் வீட்டு நோயாளியை நம்மோடு உணவருந்த அமர்த்துவோம்.