கப்பு வாங்காத மகாராஜாக்கள்

கோல்ஃப்ல ஒரு விநோதமான பட்டம் இருக்கு மக்களே. 'மேஜர் ஜெயிக்காத மகா ஆட்டக்காரர்'! வருஷத்துக்கு நாலு மேஜர் போட்டி. அதுல ஒண்ணாவது ஜெயிக்கலைன்னா, மத்ததுல எத்தனை ஜெயிச்சிருந்தாலும் இந்தப் பட்டத்தைக் கழுத்துல மாட்டி விட்டுருவாங்க. ஸ்காட்லாந்துக்காரர் காலின் மாண்ட்கோமரி 1993-லிருந்து 1999 வரை தொடர்ந்து ஏழு வருஷம் ஐரோப்பாவுல முதலிடம். ஆனா மேஜர்ல அஞ்சு தடவை ரெண்டாவது இடம்தான். 2006 அமெரிக்க ஓப்பன்ல கடைசிக் குழியில கணக்குக்கு மேல ரெண்டு அடி அடிச்சு, ஒரே ஒரு அடி வித்தியாசத்துல கோட்டை விட்டார்.

நம்ம மதுரைக்காரனுக்கு கோல்ஃப்னா கொடைக்கானல் டூர் போறப்ப வேன் ஜன்னல் வழியா தெரியுற புல்வெளி. அதோட சரி. ஆனா இந்தப் பட்டத்துக்கு முழுத் தகுதியோட நம்ம ஆளுங்களே இருக்காங்க. என்ன, விளையாட்டு மட்டும் வேற. டென்னிஸ்.

முதல்ல ராமநாதன் கிருஷ்ணன். பூர்வீகம் தென்காசிப் பக்கம். 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சார், ஃபைனல்ல தோத்த பையன் பேரு ஆஷ்லி கூப்பர். அந்தக் கூப்பர் 1958-ல பெரியவங்க விம்பிள்டனையே ஜெயிச்சுட்டார். நம்மாளு 1960-ல அரையிறுதி வரைக்கும் போனார். நீல் ஃப்ரேஸர்கிட்ட தோல்வி, அந்த வருஷ சாம்பியன் அவர்தான். 1961-ல காலிறுதியில ராய் எமர்ஸனை நேர் செட்ல காலி பண்ணிட்டு மறுபடி அரையிறுதி. இந்தத் தடவை ராட் லேவர். சாம்பியனும் அவரேதான். 1962-ல நாலாவது சீடிங் கொடுத்தாங்க. இந்த வருஷம் கண்டிப்பா ஆகும்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க, கணுக்கால்ல அடிபட்டு பாதியில விலக வேண்டியதாப் போச்சு.

கோரிப்பாளையம் டீக்கடையில இதைச் சொன்னப்ப நம்ம மாப்ள ஒருத்தன் கேட்டான், "கடைசியில கப்பு வாங்குனாரா இல்லையாடா?" இல்லடா. "அப்புறம் என்ன?" கேள்வி நியாயம்தான். பத்தாவது மார்க்கு, கட் ஆஃப், கேம்பஸ் இன்டர்வியூன்னு கோட்டுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தே வளர்ந்த கூட்டம் நாம. அரை மார்க்குல போச்சுன்னு சொன்னா எந்தக் காலேஜு சீட்டு கொடுத்துச்சு?

ஆனா கிருஷ்ணன் விஷயத்துல கொஞ்சம் உள்ள போய்ப் பார்க்கணும். 1968 வரைக்கும் விம்பிள்டன்ல காசு வாங்கி ஆடுற புரொஃபஷனல்களுக்கு இடமே கிடையாது. அமெச்சூர்கள் மட்டும்தான். ஜாக் க்ரேமர்னு ஒருத்தர் நல்ல ஆட்டக்காரங்களையெல்லாம் காசு கொடுத்துத் தன் குழுவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். கிருஷ்ணனுக்கும் மூணு வருஷத்துக்கு 1,50,000 டாலர் தர்றேன்னார். அந்தக் காலத்துல ஒன்றரை லட்சம் டாலர்! (நம்ம ஆன்சைட் அலவன்ஸை நினைச்சுப் பார்த்து மனசைத் தேத்திக்கவும் :-)) கிருஷ்ணன் வேண்டாம்னுட்டார். போயிருந்தா விம்பிள்டனும் கிடையாது, நாட்டுக்காக டேவிஸ் கோப்பையும் கிடையாது.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. கொன்ஸாலஸ், ஹோட், ரோஸ்வால் எல்லாம் அப்ப புரொஃபஷனல் பக்கம் போயிட்டதால, கிருஷ்ணன் ஆடுன விம்பிள்டன் முழு பலத்தோட இருந்த விம்பிள்டன் இல்லை. அவரோட சர்வீஸும் பலமானது இல்லை. பந்தை அடிச்சு நொறுக்கமாட்டார், தொட்டு அனுப்புவார். லேவர் மாதிரி ஆளுங்ககிட்ட அது பத்தலைன்னுதான் எனக்குத் தோணுது. அதிர்ஷ்டம் மட்டுமே காரணம்னு நான் வாதாட மாட்டேன்.

அவரோட உச்சம்னு நான் சொல்றது விம்பிள்டனே இல்லை, 1966 கல்கத்தா. டேவிஸ் கோப்பையில பிரேசிலோட ஆட்டம், ஆளுக்கு ரெண்டு வெற்றி. கடைசி ஆட்டத்துல தாமஸ் கோக் ரெண்டுக்கு ஒண்ணு செட் கணக்குல முன்னாடி, நாலாவது செட்ல 5-2. அங்கிருந்து திரும்பி வந்து 7-5, 6-2ன்னு முடிச்சார் கிருஷ்ணன். எங்க பெரியப்பா அப்ப ஸ்கூல் பையன். டென்னிஸ் மட்டையைக் கையில தொட்டதே இல்லாத மனுஷன், இன்னைக்கும் அந்த ஸ்கோரை மறக்காம சொல்வார். ஃபைனல்ல ஆஸ்திரேலியாகிட்ட 4-1 தோல்வி. அந்த ஒரே ஒண்ணு, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப் - ரோச் ஜோடியை இரட்டையர்ல ஜெயிச்சது.

அடுத்து விஜய் அமிர்தராஜ். சின்ன வயசுல நுரையீரல் நோயால ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்த மெட்ராஸ் பையன். 19 வயசுல, 1973 அமெரிக்க ஓப்பன்ல லேவரையே ஜெயிச்சார். அடுத்த வருஷம் அதே இடத்துல போர்க். ரெண்டு தடவையும் காலிறுதியில ரோஸ்வால் வழியை அடைச்சுட்டார். 1973 விம்பிள்டன் காலிறுதியில யான் கோடெஷ்கிட்ட அஞ்சாவது செட்ல 7-5ன்னு தோல்வி, கோடெஷ்தான் அந்த வருஷ சாம்பியன். 1979-ல போர்க்கை எதிர்த்து ரெண்டுக்கு ஒண்ணு முன்னிலையில இருந்து தோல்வி. 1981 காலிறுதியில கானர்ஸை எதிர்த்து முதல் ரெண்டு செட்டையும் ஜெயிச்சுட்டுத் தோல்வி. படிக்கிறப்பவே வயித்தைப் பிசையுது இல்ல?

1974 டேவிஸ் கோப்பை ஃபைனல் இன்னும் கொடுமை. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோட ஆட மாட்டோம்னு இந்தியா விலகிடுச்சு. ஆடாமலே கோப்பை அவங்களுக்கு. முடிவு சரிதான், ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா அதுக்கு விலை கொடுத்தது இருபது வயசுப் பையன்.

கிருஷ்ணன் மகன் ரமேஷ் கதையும் அப்பா கதைதான். 1979-ல அதே ஜூனியர் விம்பிள்டன் பட்டம், அதே தொட்டு ஆடுற ஆட்டம், அதே மெது சர்வீஸ். மூணு காலிறுதி, அதைத் தாண்டலை. 1989 ஆஸ்திரேலிய ஓப்பன்ல அப்ப உலக நம்பர் ஒண்ணா இருந்த விலாண்டரை ஜெயிச்சார்.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் ஜெயிச்ச இந்தியர் இன்னைக்கு வரைக்கும் யாரும் இல்லை. இரட்டையர், கலப்பு இரட்டையர்ல பூபதியும் பயஸும் அள்ளிட்டாங்க. அந்தப் பயஸைச் சின்ன வயசுல பயிற்சி கொடுத்து வளர்த்தது மெட்ராஸ்ல பிரிட்டானியாவோட சேர்ந்து அமிர்தராஜ் குடும்பம் நடத்துன பயிற்சிப் பள்ளிதான்.

2024-ல விஜயையும் பயஸையும் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. அங்க நுழைஞ்ச முதல் ஆசிய ஆண்கள்னு செய்தி. சந்தோஷம். ஆனா பயஸ் ஆட்டக்காரர் பிரிவுல, விஜய் விளையாட்டுக்குப் பங்களிப்பு செஞ்சவர் பிரிவுல. முதல் ஆசிய ஆண்கள்னா, அதுக்கு முன்னாடி கிருஷ்ணனுக்கு அங்க நாற்காலி போடலைன்னுதானே அர்த்தம்? பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம, "அந்தக் கோக்கைச் சேர்த்துட்டாய்ங்களா?"ன்னார்.